குடைக்குள் விழுந்த குச்சி

பூங்காவின் கேட்டை நெருங்கும்போதுதான், பூச்சி சாரின் சட்டைப் பைக்குள் இருந்த தங்கம் நகர ஆரம்பித்தது.

சட்டென்று நின்றார். பையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நெஞ்சுவலி என்று தோன்றும். கிட்டே வந்து பார்த்தால் பைக்குள் மாத்திரை டப்பாவின் மூடி கழன்றிருப்பது தெரிந்துவிடும். நல்லவேளை, அவரைக் கிட்டே வந்து பார்க்கிற ஆள் இந்த ஊரில் யாரும் கிடையாது.

"என்ன சார், நெஞ்சு வலிக்குதா?" கேபினிலிருந்து கழுத்தை நீட்டினார் வாட்ச்மேன்.

"ஒண்ணுமில்ல."

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்களேன். தண்ணி தரட்டுமா?"

"வேணாம்யா. நேரமாச்சு."

"நேரத்துக்கென்ன சார், அது நம்மளைக் கேட்டா ஆகுது? நேத்து பாருங்க, எங்க தெருவுல ஒருத்தன்..."

வாட்ச்மேன் வாயைத் திறந்தால் மூட மாட்டார் என்பது பூச்சி சாருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி, தலையை ஆட்டிக்கொண்டே நடந்துவிடுவது. அப்படித்தான் இன்றும் நடந்தார். போகிற போக்கில் கேபின் ஜன்னல் கண்ணில் பட்டது. வழக்கம்போல ஒரு தண்ணீர் பாட்டில், அதில் செருகிய ஒரு கொய்யாக் கிளை. இன்று அதில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கிளையில் என்ன பெரிதாகக் குறைந்துவிடப் போகிறது? நடையை எட்டிப் போட்டார்.

தங்கம் என்றால் நகைக்கடைத் தங்கம் இல்லை. ஆமை வண்டு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்; மேலே கண்ணாடி மூடி போட்ட மாதிரி ஓடு, அடியில் தகதகவென்று பொன். பஸ் டிப்போ வேலியில் படர்ந்திருந்த கொடியில், போகிற வருகிறவர்களெல்லாம் ஒரு மாதிரியாகப் பார்க்க, மண்டி போட்டுப் பிடித்தது.

இதில் ஒரு சிக்கல். பூச்சி சார் வேலை பார்க்கும் இடத்தின் வாசலில் பெரிய போர்டு ஒன்று உண்டு. 'வெளியிலிருந்து எந்த உயிரையும் உள்ளே கொண்டுவராதீர்கள். உள்ளிருந்து எதையும் வெளியே கொண்டுபோகாதீர்கள். எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.'

எழுதியவர் பூச்சி சார். கையெழுத்து கூட அவருடையதுதான்.

ஆக, சொந்த வேலியைத் தானே தாண்டுகிற திருட்டு ஆடாக அன்று அவர் உள்ளே நுழைந்தார்.

அந்த இடத்துக்குப் பெயர் 'சின்ன உயிர்களின் மூலை.' ஊஞ்சல், சறுக்கு மரம், பொம்மை ரயில் எல்லாம் தாண்டி, பூங்காவின் கடைசியில் ஒற்றை அறை. உள்ளே ஒரு மேஜை, கயிறு கட்டிய பூதக்கண்ணாடிகள், வெள்ளைத் தட்டுகள், மெல்லிய தூரிகைகள். வெளியே அடர்ந்த ஒரு புதர். வருகிறவர்கள் ஒரு வெள்ளைக் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே கிளையை உலுக்க வேண்டும். குடைக்குள் விழுவதை அவர்களே தூரிகையால் எடுத்துத் தட்டில் விட்டு, காலை எண்ணி, மீசையை அளந்து, இன்னது என்று யூகிக்க வேண்டும். அதுவரை பூச்சி சார் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் முறை.

வாயைத் திறக்காமல் இருப்பதில் அவருக்குச் சிரமமே இருந்ததில்லை. காரணம், யாரும் வருவதில்லை. அந்த அறைக்கு வந்து அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் முக்கால்வாசி, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்பதுதான்.

சனிக்கிழமை அம்மாவும் முதல் தடவை பாத்ரூம் கேட்டுத்தான் வந்தார். போய்விட்டுத் திரும்பும்போது, "இந்தக் குடை எதுக்கு சார்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் வருகிறார்.

அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். அந்த அம்மா உள்ளே வரும்போது கேபின் அருகே ஒரு நிமிடம் நிற்பார். வாட்ச்மேனிடம் ஏதோ ஒரு சின்னக் கேள்வி கேட்பார். வாட்ச்மேன் பல்லெல்லாம் தெரியப் பதில் சொல்வார். 'பூச்சி சார் வந்துட்டாரா?' என்றுதான் கேட்கிறார். வேறென்ன கேட்கப் போகிறார்? அந்த ஒரு கேள்விக்காகவே பூச்சி சார் வெள்ளிக்கிழமைதோறும் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். மற்ற நாட்களில் அவருடைய சட்டையைப் பார்ப்பது அவர் வீட்டுப் பல்லி ஒன்றுதான். அதுவும் பேச்சில் படு சிக்கனம். 'ச்சு' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது.

போன சனிக்கிழமை வந்தது வினை. குடைக்குள் நாலைந்து எறும்பும் ஒரு சருகும் மட்டும் விழுந்தன.

"போன வாரம் பாத்த அதே எறும்பு மாதிரி இருக்கே சார்?"

"இது வேற எறும்பும்மா."

"ஓ."

அந்த 'ஓ' பூச்சி சாரின் தூக்கத்தைக் கெடுத்தது. போதாததற்கு, கிளம்பும்போது அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "எல்லாத்தையும் பாத்து முடிச்சாச்சு போல இருக்கே. அடுத்த வாரம் வந்து பாக்குறேன். அதோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன் சார்."

கேட்டிலும் நின்று வாட்ச்மேனிடம் கையசைத்து அதையே சொன்ன மாதிரி இருந்தது.

அதனால்தான் இந்தத் தங்கக் கடத்தல்.

புதரின் உட்பக்கமாக, கண்ணில் படும்படியும் படாதபடியும் ஓர் இலையில் வண்டை இறக்கிவிட்டு நிமிர்வதற்கும், அந்த அம்மா கேட்டில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

"வாங்கம்மா! இன்னிக்கு உள்பக்கமா உலுக்கிப் பாருங்க," என்றார் பூச்சி சார், குரலில் ஒன்றுமே தெரியாத அப்பாவித்தனத்தோடு.

உலுக்கினார். குடைக்குள் பொத்தென்று ஏதோ விழுந்தது.

ஒரு குச்சி.

"அட, குச்சி," என்று அதை எடுத்து எறியப் போனார் அந்த அம்மா. குச்சி எழுந்து நடந்தது.

"சார்!" கத்திய கத்தலில் பொம்மை ரயில்காரர் திரும்பிப் பார்த்தார். "குச்சி நடக்குது சார்!"

பூச்சி சாரின் வாய் தானாகத் திறந்துகொண்டது. குச்சிப்பூச்சி! உள்ளங்கை நீளம். இந்தப் புதரில் எத்தனையோ காலமாகத் தலையை விட்டுக்கொண்டிருப்பவர் அவர். ஒரு நாளும் கண்டதில்லை. அந்த அம்மாவோ குனிந்து காலை எண்ணினார், மீசையை அளந்தார், கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அது அவருடைய விரலில் ஏறி, தென்றலில் ஆடும் காம்பு மாதிரி அசைந்தது. சின்னப் பெண்ணாகச் சிரித்தார்.

அந்தச் சந்தடியில் குடையின் ஓரத்தில் இன்னொன்றும் விழுந்து கிடந்தது. மங்கலான, பழுப்பு நிறத்தில் ஒரு வண்டு.

"இது என்ன சார், சாதா வண்டா?"

பூச்சி சாருக்கு அழுகை வராத குறை. "இது... தங்கமா இருக்கும்மா. பயந்துட்டா நிறம் போயிடும். கொஞ்ச நேரம் தனியா விட்டா மறுபடி மின்னும்."

"அப்படியா? நான்கூட வீட்ல தனியாத்தான் இருக்கேன். ஒண்ணும் மின்னக் காணோமே!"

சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்தார். சிரிப்பதா வேண்டாமா என்று பூச்சி சாருக்குத் தெரியவில்லை. அவர் முடிவெடுப்பதற்குள் வண்டு பறந்தே போய்விட்டது.

"அடுத்த வாரமும் வர்றேன் சார். இந்தக் குச்சியைப் பாக்கணும்," என்றார் அந்த அம்மா. பூச்சி சார் வானத்தில் மிதந்தார். மிதந்துகொண்டிருந்ததால், அந்த அம்மா 'இன்று கண்டவை' பலகையில் கொட்டை எழுத்தில் 'நடக்கும் குச்சி!!!' என்று எழுதிவிட்டுப் போனதைக் கவனிக்கவில்லை.

பூங்கா மேனேஜர் கவனித்துவிட்டார்.

மேனேஜருக்கு அந்த அறையின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். ஒரே ஒரு ஆள் வருகிற இடத்துக்கு எதற்கு ஓர் அறை, ஒரு சம்பளம்? ஐஸ்கிரீம் கடை வைத்தால் கூட்டம் அள்ளுமே. இப்போதோ பலகையைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பூச்சி சார், இது நிஜமா? உங்க பலகையில எறும்பைத் தவிர வேற எழுத்தையே நான் பாத்ததில்லையே!"

"நிஜந்தான் சார். ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. காலேஜ்ல நமக்குத் தெரிஞ்ச பூச்சி புரொபசர் ஒருத்தர் இருக்கார். அடுத்த சனிக்கிழமை வரச் சொல்றேன். அவர் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும், கேட்ல பெரிசா பேனர் வச்சுடலாம். சொல்லலைன்னா, ஐஸ்கிரீம்காரரை வரச் சொல்லிடலாம்."

பூச்சி சார் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் குச்சி இந்தப் பூங்காவில் பிறந்ததில்லை என்று புரொபசர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். யாரோ கொண்டுவந்து போட்டது என்பார். யார் என்று கேள்வி வரும். 'நான் இல்லை' என்று நெஞ்சை நிமிர்த்தி மறுக்க முடியுமா? குச்சியைக் கொண்டுவரவில்லை, வாஸ்தவம். வண்டைக் கொண்டுவந்தாரே! திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

ஒரே வழி, சனிக்கிழமைக்கு முன்னால் அந்தக் குச்சியைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை தேடினார். புதர் முழுக்கக் குச்சிகள். எதைத் தொட்டாலும் பூச்சி போலத் தெரிந்தது; பிடித்து இழுத்தால் 'படக்' என்று ஒடிந்து, குச்சி என்று நிரூபித்தது. திங்கட்கிழமை கொஞ்சினார். "வெளிய வா ராசா, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்." பாத்ரூம் கேட்க வந்த ஒருவர், கேட்காமலே திரும்பிப் போனார்.

"என்ன சார் தேடுறீங்க? நானும் வரட்டுமா?" என்றார் வாட்ச்மேன்.

"ஒண்ணுமில்லய்யா. நீ கேட்டைப் பாரு. தினமும் இந்தப் புதரடியில யாரோ பச்சை இலையைப் பறிச்சுப் போட்டுக் குப்பை பண்றாங்க. பெருக்கி மாளல. என்ன காவல் காக்குற நீ?"

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "காத்துல வந்திருக்கும் சார்."

வெள்ளிக்கிழமை மாலை பூச்சி சார் இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது. ஒடித்து ஒடித்துப் புதர் பாதி மொட்டையாகிவிட்டது. குச்சி மட்டும் கிடைக்கவில்லை.

மொட்டைப் புதரைப் புரொபசர் பார்த்தால் என்ன ஆவது? ஓடினார். கால்வாய்க் கரையிலிருந்து ஒரு கட்டு, ஆபீஸ் பின்புறத்து மாமரத்திலிருந்து ஒரு கட்டு என்று கிளைகளை வெட்டிவந்து, சணல் கயிறு போட்டுக் கட்டி, புதருக்கு டோப்பா வைத்தார். கொஞ்சம் எட்ட நின்று பார்த்தால் முன்னைவிட அழகாகவே இருந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். "ச்சு," என்றது பல்லி.

சனிக்கிழமை. புரொபசர் வந்தார், வயதில் சின்னவர், பேச்சில் சிக்கனம். போட்டோவில் தானும் விழ வேண்டுமென்று மேனேஜரே குடையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் சனிக்கிழமை அம்மா, கையில் பூதக்கண்ணாடியோடு.

புரொபசர் கிளையை உலுக்கினார்.

முதலில் விழுந்தது நத்தை. "கால்வாய் நத்தை. இங்க எப்படி வந்துச்சு?" என்றார் புரொபசர். இரண்டாவது உலுக்கலில் மாமரத்துச் சிவப்பெறும்புகள், கூட்டோடு விழுந்தன. அவை குடையில் தங்கவில்லை. மேனேஜரின் முழுக்கைச் சட்டைக்குள் போய்த் தங்கின. மேனேஜர் ஆடிய ஆட்டத்தில் கயிறு அவிழ்ந்தது. ஒரு முழுக் கிளை, இலையும் சணலுமாகக் குடைக்குள் இறங்கியது.

கடைசியாக, அதன் மேல், ஒன்றுமே நடக்காதது போல, ஒரு குச்சி நடந்து வந்தது.

வாரம் முழுக்கக் கொஞ்சியும் வராதது!

மேனேஜர் அறை. மேஜை மேல் கண்ணாடி பாட்டிலுக்குள் குச்சிப்பூச்சி. மேனேஜரின் முகம் இட்லிப் பானை மூடி மாதிரி வியர்த்துக் கிடந்தது. அங்கங்கே தடிப்பு வேறு.

"இது கொய்யா இலை தின்னுற ஜாதி," என்றார் புரொபசர். "இந்தப் பூங்காவுல கொய்யா மரமே கிடையாது. அதோட, கையை நீட்டினா பயப்படாம ஏறுது. யாரோ வளர்த்த பூச்சி. கொண்டுவந்து விட்டிருக்காங்க."

"பூச்சி சார்," மேனேஜர் சொறிந்துகொண்டே கேட்டார், "போர்டு எழுதினது நீங்க. உண்மையைச் சொல்லுங்க. வெளியிலேருந்து கொண்டுவந்தீங்களா இல்லையா?"

பூச்சி சார் முகத்தில் ஈயாடவில்லை. "கொண்டுவந்தேன் சார்."

"இந்தக் குச்சியையா?"

"இல்ல சார். வேற ஒண்ணு."

"வேற ஒண்ணா! என்னது?"

"தங்கம் சார். தங்க வண்டு."

"அது எங்க?"

"பயந்துபோய் நிறம் மாறி, பறந்துபோச்சு."

மேனேஜர் புரொபசரைப் பார்த்தார். "இவரு நல்லாத்தான இருக்காரு?"

"அப்படி ஒரு வண்டு இருக்கு," என்றார் புரொபசர், கொஞ்சம் வருத்தத்தோடு.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

பூச்சி சார் தரையைப் பார்த்தார். "புதுசா ஒண்ணும் இல்லைன்னா வர்றவங்க நின்னுடுவாங்க சார். வர்றதே ஒருத்தர்."

சனிக்கிழமை அம்மா கைப்பையைத் திறந்தார், மூடினார். பிறகு ஓர் அடி முன்னால் வந்தார்.

"அவரை விடுங்க. இந்தக் குச்சியைக் கொண்டுவந்தது நான்தான்."

"அம்மா!" என்றார் பூச்சி சார்.

"நீங்க சும்மா இருங்க சார். நான் வீட்ல வளர்த்தது."

புரொபசர் ஆர்வமாக நிமிர்ந்தார். "அப்படியா? என்ன தீனி போட்டீங்க?"

அந்த அம்மா ஒரு கணம் யோசித்தார். "சோறு."

புரொபசர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவங்க பொய் சொல்றாங்க சார்," பூச்சி சார் குறுக்கே விழுந்தார். "எனக்காகச் சொல்றாங்க. குச்சியும் நான்தான். எல்லாம் நான்தான். நத்தைகூட நான்தான். அதுல பொய்யே இல்ல!"

"நான்தான்."

"இல்ல, நான்தான்."

"ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா!" மேனேஜர் மேஜையைத் தட்டினார். பாட்டிலுக்குள் குச்சி ஒருமுறை ஆடி நின்றது. "எவ்வளவோ பேரைப் பாத்திருக்கேன். பண்ணின தப்பை இல்லைம்பாங்க. பண்ணாத தப்புக்கு அடிச்சுக்கிட்டு வர்றவங்களை இன்னிக்குத்தான் பாக்குறேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும், யார் இதை உள்ள கொண்டுவந்தது? வாட்ச்மேன்! யோவ் வாட்ச்மேன்! இங்க வா!"

வாட்ச்மேன் ஓடிவந்தார். வாசலில் செருப்பை விட்டார். உள்ளே வந்ததும் மேனேஜரைப் பார்க்கவில்லை; நேராகப் பாட்டிலைத்தான் பார்த்தார்.

"மூடியில ஓட்டை போட்டிருக்கீங்களா சார்? மூச்சு முட்டிடப் போகுது."

"அதை விடுய்யா. இவங்க ரெண்டு பேர்ல யாரு இதைக் கேட்டைத் தாண்டிக் கொண்டுவந்தது? நீ பாத்தியா இல்லையா?"

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். பூச்சி சாரைப் பார்த்தார். பூச்சி சாரும் அவரைப் பார்த்தார். காக்கிச் சட்டைப் பையில் ஒரு கொய்யாத் தளிர் துருத்திக்கொண்டு நின்றது.

"அது என் குச்சி சார், கேபின்ல பேச்சுத் துணைக்கு வச்சிருந்தேன்," என்றார் வாட்ச்மேன். "இந்தம்மா இனிமே வர மாட்டேன்னதும் புதர்ல கொண்டுபோய் விட்டுட்டேன், வாராவாரம் கேட்ல நின்னு 'சாப்டீங்களா'ன்னு என்னைக் கேக்குறதுக்கு வேற யாரு சார் இருக்கா?"